பில்லிலோகத்து நோவும் மருந்தும்

சித்தூர்
1997 ஜூன் 13, வெள்ளி

இன்றும் தேனு போனுக்கு வரவில்லை.

மாலை ஏழு மணிக்கு, பக்கத்து எஸ்.டி.டி. பூத் ரங்கையா எங்கள் டி.டி.பி. கடை வாசலில் நின்று "நேசா, குவைத் கால்!" என்று குரல் கொடுத்தார். தேனு என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பங்காருபாளையத்து மாம்பழம் ஒன்றைக் கொட்டை வரைக்கும் சப்பிக்கொண்டிருந்தாள். "வாம்மா, அம்மா பேசறாங்க" என்றேன். தலையை ஆட்டினாள். கையைப் பிடித்து இழுத்தேன். எட்டு வயதுப் பெண் மேசைக்காலைக் கட்டிக்கொண்டால் எங்கிருந்துதான் அந்தப் பலம் வருமோ! மேலே மானிட்டர் ஆடியது. முதலாளி கிருஷ்ணப்பா, மெஷின் கெட்டுப்போகும் என்ற பயத்தில், "ஏமய்யா, மெஷினு போத்துந்தி!" என்று அலறினார். விட்டுவிட்டு ஓடினேன்.

"எங்க அவ?" என்றாள் தபிதா.

"ஸ்கூல்ல லேட்டாவும்னாங்க."

"மணி ஏழாவுது அங்க."

பொய் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அதுவும் தெரியாது.

பிப்ரவரியிலிருந்து இதே கதை. அதற்கு முன்பெல்லாம் தேனு ரிசீவரை என்னிடம் தரவே மாட்டாள். கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபிதா லீவு கிடைக்காமல் நின்றுபோனாள். அந்தக் கோபம்தான். வேறென்ன இருக்க முடியும்?

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் தேனு தன் தகரப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். தபிதாவின் கடிதங்கள் முழுக்க அதில்தான். நேற்று வந்ததைச் சேர்த்துப் பத்து இனம் ஆகிவிட்டதாம்.

இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பின்னால் மறந்துபோகும், இன்று எழுதிவிடுகிறேன். போன வருஷம் ஜனவரியில் தபிதா நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டபோது, "நீ போற ஊர்ல பூனை இருக்குமா?" என்று தேனு கேட்டாள். எங்களிடம் அப்போது ஒரு சாம்பல் பூனை இருந்தது. தபிதா கொஞ்சமும் யோசிக்காமல், ஏரோப்ளேன் போகிற வழியில் வானத்தில் பூனைகளுக்கென்றே ஓர் உலகம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் குவைத் என்று சொல்லிவிட்டாள். தெலுங்கில் பூனைக்குப் பில்லி. ஆகவே அது பில்லிலோகம். அன்றிலிருந்து கடிதம் வந்தால் ஒரு தாள் எனக்கு, ஒரு தாள் தேனுவுக்கு. என் தாளில் பாதியில் நிற்கும் எங்கள் வீடு, கூரை, ஜெபம். அவள் தாளில் பில்லிலோகத்து இனம் ஒன்று.

நர்ஸ் அல்லவா, நோயாளிச் சீட்டு எழுதுவது போலத்தான் எழுதுவாள். பெயர், உடம்பு, சாப்பாடு, வழக்கம், நோவு, மருந்து. நெட்டைக்காலர் பின்னங்காலில் நடப்பவர்கள், உட்காரவே தெரியாது, காதைத் திருப்பித்தான் உத்தரவு போடுவார்கள். அவர்களுக்குக் கழுத்து வலி, மருந்து யாரையாவது நிமிர்ந்து பார்ப்பது. கம்பளியருக்கு ரோமம் அவ்வளவு அடர்த்தி. மாப்பிள்ளை பெண்ணின் கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிக்கில்லாமல் ஒரு தடவை சீவிவிட்டால் கல்யாணம் முடிந்தது. மொட்டையர் வெயில் பக்கம் வாழ்பவர்கள். உடம்பில் ஒரு முடி இல்லை. நேற்று வந்தவர்கள் நீர்வாலர். விரலுக்கு நடுவே தோல், பிச்சாட்டூர் டேம் மாதிரி ஒரு தண்ணீரில் வாசம். குட்டிகளை வரிசையாகப் போட்டு வைப்பார்கள், பசித்த குட்டிக்கு எந்தத் தாயும் பால் கொடுப்பாள். நோவு: தன் குட்டி எது என்று மறந்துபோவது. மருந்து: ஒவ்வொரு குட்டியின் பெயரையும் தினம் ஒரு தரம் சத்தமாகச் சொல்வது.

அவளுடைய வார்டையும் ஹாஸ்டலையும்தான் இப்படி எழுதுகிறாள் என்று எனக்கு ஓர் ஊகம். எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும் கம்பளிக்காரி, அவள் அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்தான். ஒரு தரம் தேனு, "அங்க யாரு பெரிய ஜாதி?" என்று எழுதிக் கேட்டாள். "எத்தனை இனமானாலும் கிணறு ஒன்றுதான்" என்று பதில் வந்தது. அதற்கடுத்த கடிதத்தில் முதல் வரி: "போன தரம் எழுதியது தப்பு. கிணறு மூன்று. நெட்டைக்காலர் கிணற்றில் மற்றவர்கள் வாளி போடக்கூடாது. இது சரியில்லை என்று மொட்டையரும் கம்பளியரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்." பிள்ளைக்குக்கூடப் பொய் எழுத அவளுக்கு மனம் வராது. எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றுக் கதை எனக்கும் தெரியும். அது விமானம் ஏறியும் போகும் என்பதுதான் தெரியாது.

தேனு நீர்வாலர் தாளை நாலு தரம் படித்தாள். கோபமாக இருக்கிற பிள்ளை இப்படிப் படிக்குமா?

ஜூன் 20, வெள்ளி

ரங்கையா குரல் கேட்டதும் தேனு பொன்னியம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்பவர் பொன்னியம்மாதான். அவர் கூப்பிட்டும் வரவில்லை.

தபிதா இன்று தேனுவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காததுதான் எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வருஷம் இங்க வேலைக்கு ஃபாரம் குடுத்துகிறாங்க. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்து போடணுமாம்."

டிசம்பரில் வருகிறாள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

கடிதம் வரவில்லை. தேனு தபால்காரர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காரியம் செய்தேன்.

மாம்பழக்கூழ் டின் லேபிளை ஓரமாக வைத்துவிட்டு (அதுவும் வளைகுடாவுக்குத்தான் போகிறது, அரபு எழுத்தைத் தாளில் வந்தபடியே ஒட்டுகிறேன், தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரியாது), பதினோராவது இனத்தை நானே அடித்தேன். தங்கமுடியர். பொன் நிற ரோமம், நீலக் கண். பசி கிடையாது, சண்டை கிடையாது, எல்லோரும் பாடுவார்கள், எல்லோரும் சேர்ந்தே இருப்பார்கள், ஒருவரும் எங்கும் போவதில்லை. கீழே "அன்பு முத்தங்களுடன் அம்மா". ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அதனால்தான் அச்சு எழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பிழை இல்லை. நன்றாகவே வந்திருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

குட்டு வெளிப்பட்டுவிட்டது.

தேனு ஒரு தரம் படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது அம்மா எழுதல" என்றாள்.

"ஏன், கம்ப்யூட்டர்ல எழுதினா—"

"இவங்களுக்கு ஒரு நோவும் இல்லியே நைனா."

அவள் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். தகரப்பெட்டியில் போடவில்லை. "நீ நல்லாத்தான் எழுதிகிற" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறுதல் வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தபிதா சொன்னது அப்படியே: "அவ என்ன மறந்துட்டா. மறக்கட்டும், சின்னப் பிள்ள. நான் வந்து நின்னா மட்டும் இன்னா ஆவப்போவுது? ஃபாரம் போட்டுட்டா வீட்டயாவது முடிச்சிடலாம்."

மறக்கவில்லை, உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள் என்றேன். நம்பவில்லை. நம்புகிற மாதிரி நான் இதுவரை என்ன சொல்லியிருக்கிறேன்? நாலு மாதமாக ஸ்கூலில் லேட்டு, குளிக்கிறாள், தூங்கிவிட்டாள்.

வீடு யாருக்கு வேணும்? நீ வாடி, வந்துடு. இதை அங்கே சொல்லியிருக்கணும். இங்க எழுதிக்கினு உக்காந்துகிறேன்.

ஜூலை 5, சனி

லேபிளை அச்சுக்கு அனுப்பப் பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்கத் திருப்பதி போக வேண்டியிருந்தது. பொன்னியம்மா ஊரில் இல்லை, தேனுவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சந்திரகிரி தாண்டும்வரை தூங்கினாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கண் இரண்டும் விரிந்தது. மலையிலிருந்து இறங்கிய கூட்டம். ஆண், பெண், குழந்தை எல்லாம் மொட்டை, தலையெல்லாம் சந்தனம். "நைனா, மொட்டையரு!" என்று என் கையைக் கிள்ளினாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நானும் சிரித்தேன். பாசிட்டிவ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்து பூரி தின்றுகொண்டு மொட்டையர்களைத் தரம் பிரித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். காது பெரியவர்கள் ஒரு கிளை. தலையில் பள்ளம் இருப்பவர்கள் ஒரு கிளை. குட்டிகளிலேயே சத்தமாக அழுவது ராமகுப்பம் கிளை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையின் தாய் ராமகுப்பம் என்று சொல்லியிருந்தாள்.

"அழட்டும், பரவால்ல" என்றாள் தேனு, பெரிய டாக்டர் மாதிரி. "மொட்டையருக்கு எரிச்சல்தான் நோவு. சந்தனம் வெச்சா சரியாப்பூடும். நெடுமீசையருக்குத்தான் மருந்தே இல்ல."

"அது யாரு நெடுமீசையரு?"

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அம்மாதான் நைனா. நீ படிக்கல?"

படித்தேன். பிப்ரவரியில் படித்துச் சிரித்தேன்கூட.

"அழுதா மீசை கொட்டிப்பூடும். மீசை கொட்டினா வூட்டுக்கு வர வழி தெரியாது. என் குரல் கேட்டாலே அம்மா அழுவறாங்க. எப்பவும் அழுவறாங்க. அதான் நான் பேசறதில்ல."

கையிலிருந்த பூரியைக் கீழே வைத்தேன். "அதெல்லாம் சும்மா கதைடி" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாலு மாதம் அந்தச் சின்ன உயிர் தன் ஆசையை அடக்கிக்கொண்டு மேசைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை எப்படிச் சும்மா என்பது?

ஜூலை 6, ஞாயிறு

தேனுவிடம் கேட்டு அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தபிதாவின் கையெழுத்தில்:

"பெயர்: நெடுமீசையர். உடம்பு: மெலிந்தது, மீசை ஒரு முழம். சாப்பாடு: கிடைத்தது. வழக்கம்: வேலைக்காகத் தூரதேசம் போவார்கள். அங்கே பாதையும் கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. மீசையால் தடவித்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். நோவு: அழுதால் மீசை நனைந்து உதிர்ந்துவிடும், அப்புறம் திரும்ப முடியாது. உன் அம்மாவும் இந்த இனம்தான் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். மருந்து: இடம் இல்லை, அடுத்த கடிதத்தில்."

அடுத்த கடிதத்தைப் பார்த்தேன். மொட்டையர். அதற்கடுத்தது வேறு. மருந்தை எழுதவே இல்லை. வார்டில் ஒரு வேளை மாத்திரை தவறாதவள் இதை மறந்துவிட்டாள். நான் தினமும் நூறு வரி பிழை திருத்துகிறவன், விட்டுப்போன ஒரு வரியை நாலு மாதம் கண்டுபிடிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

தபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அய்யோ, என் தங்கம்" என்றாள். அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும், "எழுதிக்கோங்க" என்று மருந்தைச் சொன்னாள். லேபிள் ப்ரூஃபின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

தேனு வாங்கிப் பார்த்தாள். "இது உன் எழுத்து."

"அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்டி. சத்தியமா."

"தங்கமுடியரும் நீதான எழுதின?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. மருந்து விஷயம், பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? அவ்வளவுதான் அந்தக் குரலில். ஒரு பொய்த்தாளை அழகாக அச்சடித்து, என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை நானே தொலைத்துவிட்டேன். இனி தபிதாவின் கையெழுத்தில் வந்தால்தான் உண்டு. பன்னிரண்டு நாள் ஆகும். பதினைந்தும் ஆகும். முப்பத்தொன்று நெருங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

தபால்காரர் பாலையா சைக்கிளை நிறுத்தவே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

கடிதம் போன சனிக்கிழமையே போட்டுவிட்டாளாம். ஃபாரத்தைக் கேட்டேன். மேசை டிராயரில் இருக்கிறதாம். "கையெழுத்து?" என்றேன். "தெரியல" என்றாள். மதில்மேல் பூனையாக இருக்கிறாள். எந்தப் பக்கம் குதிப்பாள் என்று அவளுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டேன். வீடு இல்லாவிட்டால் போகிறது, நீ வந்துவிடு என்று. ரங்கையா காதில் விழும்படியாகவே சொன்னேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டது!

தேனு உறையைக் கிழிக்கவில்லை. என் ஸ்டீல் ஸ்கேலை வாங்கி ஓரமாக வெட்டினாள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முதலில் எழுத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

"நெடுமீசையர், தொடர்ச்சி. மருந்து: (இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். சிஸ்டர் தபிதா மறந்துவிட்டார். தப்பு அவருடையது, பிள்ளையுடையது அல்ல.) உதிர்ந்த மீசை ஏழு நாளில் தானாக முளைக்கும். முன்பைவிட ஒரு விரற்கடை நீளமாக முளைக்கும். ஆகவே அழலாம். வீட்டுக் குரல் காதில் விழுந்தால் மூன்றே நாள் போதும். எச்சரிக்கை: வீட்டுக் குரல் நெடுநாள் விழாவிட்டால், அழாமலேயே உதிர ஆரம்பிக்கும்."

"எச்சரிக்கைன்னா சீக்கிரமா செய்யணும்னு அர்த்தம்தான?" என்றாள் தேனு.

ஆமாம் என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

ஆறு மணிக்கே பூத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கையில் கடிதம். மணி அடித்ததும் ரங்கையா எடுப்பதற்குள் அவள் எடுத்தாள்.

அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "மூணு நாளுன்னு எழுதிகிறியே, இன்னிக்கியும் சேத்தா, நாளைலேர்ந்தா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. தேனு ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஜுரக்காரர்களிடம் பேசுவது போல, "அழும்மா, பரவால்ல" என்றாள். "நான் பேசிக்கினேதான் இருக்கேன். முளைச்சிடும்."

நான் வெளியே வந்து தெருவைப் பார்த்து நின்றுகொண்டேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முப்பத்தொன்று நேற்றோடு போயிற்று. போட்டாளா, இல்லையா? நாள் முழுக்க வேலை ஓடவில்லை. அரபு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தெலுங்கைப் போட்டுவிட்டு கிருஷ்ணப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏழு மணிக்குக் கேட்க வேண்டியதை மனதில் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் தேனு எடுத்துவிட்டாள்.

பதினோராவது இனத்தை அவளே கண்டுபிடித்திருக்கிறாளாம். வெளிச்சப்பெட்டியர். நாள் முழுக்க ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். முதுகு கூன், உச்சந்தலையில் ரோமம் கம்மி. ஒரு மாதிரி பொய் சொல்வார்கள், உடனே மாட்டிக்கொள்வார்கள். கெட்டவர்கள் இல்லை. நோவு, மறதி. ரங்கையா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு தேனு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்து ரகசியமாக ஏதோ சொன்னாள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. தபிதாவின் சிரிப்பு எனக்குக் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. "குடும்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றேன். லைன் போய்விட்டது.

"வெச்சிட்டாங்க" என்றாள் தேனு.

எனக்குக் கிடைத்தது சூடான ரிசீவர் மட்டும்.

கடைத்தெரு வழியாக நடந்தோம். கேட்கவும் பயமாக இருந்தது. "அம்மா ஃபாரத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றேன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"போடலயாம். டிசம்பர்ல வர்றாங்களாம். நான்தான் சொன்னேனே உன்கிட்ட."

"எப்ப சொன்ன?"

"இப்பதான் சொல்றேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் என்னைத் திட்டிவிட்டு விலகிப் போனார். தேனு கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வெளிச்சப்பெட்டியருக்கு மருந்து இன்னா?" என்று கேட்டேன். கேட்பதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அத அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும், "அப்பால, நைனா மத்தியானம் துன்னாரான்னு கேட்டாங்க" என்றாள்.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

டிபன் கேரியர் கடையில், மேசைக்கு அடியில், பொன்னியம்மா கொடுத்தனுப்பியபடியே மூடி இருந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தோம்.